ஹொகொரி: தூசியை ஏன் மலமாக்குகிறீர்கள்?

சென்ற வாரம் மறுபடியும் அப்படி ஒரு தாள் கைக்கு வந்தது. ஜப்பானில் பிறந்த தென்ரிக்யோ சமயத்தைப் பற்றித் தமிழில் நாலு பக்கம். இரண்டாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘மனிதனின் எட்டுப் பாவங்கள்’. இதற்கு முன் பார்த்த தாளில் ‘எண்மலம்’ என்றிருந்தது. மனத்தில் படியும் எட்டுக் கோணல் நினைப்புகளைத்தான் இரண்டும் சொல்கின்றன; இரண்டுக்கும் ஜப்பானிய மூலச்சொல் ஹொகொரி. ஹொகொரி என்றால் தூசி. சன்னல் கம்பியில் விரலை ஓட்டினால் ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான்.

சொல்லின் வரலாறு சிறியது. ஜப்பானின் யமாதோ பகுதியில், இன்றைய நாரா மாவட்டத்தில், விவசாயக் குடும்பத்து இல்லத்தரசியாக இருந்தவர் நகயாமா மிகி. 1838இல் அவர் வழியாகத் தொடங்கியது இந்தச் சமயம். 1869 முதல் 1882 வரை அவர் எழுதிய மறைநூலான ஒஃபுதெசகியில் 1711 பாக்கள். சீன எழுத்துகளை அரிதாகவே கலந்து, பெரும்பாலும் கானா என்ற எளிய ஒலியெழுத்திலேயே எழுதினார். இதில் ஒரு பொறி உண்டு. பெருமிதம் என்பதற்கும் ஜப்பானியில் ஹொகொரி என்றே ஒலிப்பு. சீன எழுத்துதான் வேறு. ஒருமுறை கணினி மொழிபெயர்ப்பு ஒன்று ‘எட்டுப் பெருமைகள்’ என்று தந்தது. அதைக்கூட மன்னித்துவிடலாம், இயந்திரம். மனிதர்கள் யோசித்துப் போடும் ‘பாவம்’தான் பொறுக்கவில்லை.

எட்டும் எவை? கஞ்சத்தனம், பிறர் பொருள்மேல் ஆசை, வெறுப்பு, தன்னைச் சேர்ந்தவர்மேல் மட்டும் பாசம், வன்மம், கோபம், பேராசை, செருக்கு. கொலை இல்லை, களவு இல்லை. எல்லாமே நினைப்பு. நாலாவதற்கு மூலச்சொல் கவாய். அதை ‘அன்பு’ என்று போட்டுவிட்டு, அன்பு எப்படிப் பாவமாகும் என்று அடிக்குறிப்பில் தடுமாறியவர்களும் உண்டு. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு, சரி. அதற்காக அடுத்த கூட்டுக் குஞ்சைக் கொத்தினால் அது கவாய்.

பாவம் என்ற சொல் வந்தால் பின்னாலேயே சட்டமும் நீதிபதியும் தண்டனையும் வந்துவிடும். அது வேண்டும் என்றிருந்தால் பாவம், குற்றம் என்ற பொருளில் ட்சுமி என்ற சொல் ஜப்பானின் பழைய சமயமான ஷிந்தோவின் சடங்குகளில் தயாராகவே இருந்தது. மிகி அதை விட்டு, வீடு பெருக்கும் எவருக்கும் தெரிந்த சொல்லை எடுத்தார். இந்தச் சமயத்தில் இறைவனுக்கு ஒயா என்று பெயர். பெற்றவர் என்று பொருள். பிள்ளை தெருவில் விளையாடிவிட்டு வந்தால் எந்தத் தாய் ‘பாவி’ என்கிறாள்? காலைக் கழுவிவிட்டு உள்ளே வா என்பாள். ஒஃபுதெசகியின் மூன்றாம் பகுதியில், உலகத்தார் நெஞ்சைப் பெருக்க இறைவனே துடைப்பமாக நிற்பதாக ஒரு பா வருகிறது. ‘பாவம்’ என்று போட்டபின் அந்தத் துடைப்பத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எண்மலக்காரர்களோடு சண்டை இன்னும் நீளம், ஏனென்றால் அவர்கள் படித்தவர்கள். ‘சைவ சித்தாந்தத்தில் மும்மலம் இல்லையா, தமிழ் வாசகனுக்குச் சட்டென்று பிடிபடுமே’ என்கிறார்கள். பிடிபடும், தப்பாகப் பிடிபடும். மும்மலத்தில் முதலாவதான ஆணவ மலம் அநாதி, தொடக்கமே இல்லாதது. செம்பில் களிம்பு போல உயிரோடு என்றும் ஒட்டியிருப்பது, உயிர் தானே சுரண்டி எடுக்க முடியாதது. ஹொகொரி அப்படியா? மனம் முதலில் சுத்தமானது; நினைப்பு கோணும்போது மேலே வந்து படிவது. அன்றன்றைக்குத் தட்டினால் போய்விடும். விட்டுவைத்தால்தான் இறுகும். களிம்பும் தூசியும் ஒன்றென்பவர் வீட்டில் பாத்திரம் விளக்கியிராதவர். தவிர, சித்தாந்தம் படிக்காத ஒருவரிடம் ‘எட்டு மலம்’ என்று சொல்லிப் பாருங்கள்; முகம் போகும் போக்கே பதில்.

மாசு? குறளே ‘மனத்துக்கண் மாசிலன்’ என்கிறது, தகுதியான சொல்தான். ஆனால் இன்று மாசு என்றதும் ஆலைப் புகைதான் கண்ணில் வருகிறது. துகள் இன்னும் அருமை, பழந்தமிழில் அதற்குப் புழுதி என்றும் குற்றம் என்றும் இரு பொருளும் உண்டு. அதை இயற்பியல்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ‘எட்டுத் துகள்கள்’ என்றால் அணு ஆராய்ச்சி என்று நினைப்பார்கள்.

தூசி மலிவான சொல், சமயநூலுக்குக் கனம் போதாது என்ற முணுமுணுப்பு எனக்கும் கேட்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கோயில், வேதம் என்று வந்தாலே சொல்லுக்குப் பட்டு கட்டிவிட வேண்டும். இந்தச் சமயத்தின் தலைமையிடமான தென்ரி நகரில் ஷூயோகா என்ற மூன்று மாதப் பயிற்சியில் இருந்தபோது, வழிபாட்டு மண்டபத்தைச் சுற்றி ஓடும் மரத் தாழ்வாரத்தை நாங்கள் வரிசையாக முழந்தாளிட்டுத் துடைப்போம். எல்லோருக்கும் ஒரே கருப்பு ஹாப்பி அங்கி. பலகை ஏற்கெனவே முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும். இதில் என்ன இருக்கிறது துடைக்க என்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் பேசாமல் தன் துணியைத் திருப்பிக் காட்டினார். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. ‘நேற்றும் துடைத்தோம்’ என்றார்.

அதனால் ‘எட்டுத் தூசிகள்’ என்றே எழுதுகிறேன். இன்னொரு சிக்கல் மட்டும் தீரவில்லை. நித்திய வழிபாட்டில் 21 முறை பாடும் அடியில் ஹராஉ என்ற வினை வருகிறது. தீயதை அகற்று என்று பொருள், கையும் அதற்கேற்ப அசையும். ‘பெருக்கு’ என்று எழுதினேன். ‘தூசியைப் பெருக்குங்கள்’ என்றால் அதிகமாக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார் ஒரு நண்பர். ‘கூட்டு’ என்று மாற்றினேன். அதற்கும் அவர் சிரித்தார். இப்போதைக்கு ‘தட்டிவிடு’ என்று வைத்திருக்கிறேன்.