பல்கலைக்கழகச் சங்க நிர்வாகிக்குச் சம்பளத்துடன் நேரம்: பிரிட்டன் சட்டம் தருவது என்ன, கேட்டு வாங்க வேண்டியது என்ன

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் தொழிற்சங்கக் கிளையின் தலைவர், செயலாளர், வழக்குப் பொறுப்பாளர் என்று இருப்பவர்கள் பெரும்பாலும் அங்கேயே வேலை பார்ப்பவர்கள். விரிவுரையாளர், நூலகர், ஆய்வக டெக்னீஷியன், அலுவலக ஊழியர் என்று யாராகவும் இருக்கலாம். சக ஊழியர்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பு அது. ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் கைக்கு வந்தவரும், அடுத்த மாதம் ஒப்பந்தம் முடியப்போகிறவரும், துறைத் தலைவரின் கெடுபிடியில் தூக்கம் கெட்டவரும் முதலில் கதவைத் தட்டுவது இவர்களிடம்தான். வகுப்பையும் ஆராய்ச்சியையும் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் இதைப் பார்த்துக்கொள் என்று சட்டம் சொல்லவில்லை. வேலை நேரத்திலேயே, சம்பளம் குறையாமல் சங்கப் பணி செய்யும் உரிமை எழுத்தில் இருக்கிறது. பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உரிமைக்கு அடிப்படை, 1992-ஆம் ஆண்டின் தொழிற்சங்கம் மற்றும் தொழில் உறவுகள் (ஒருங்கிணைப்பு) சட்டத்தின் 168-ஆம் பிரிவு. இது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்குப் பொருந்தும். வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம். சங்கம் சுதந்திரமானதாக, அதாவது நிர்வாகத்தின் கைப்பிடியில் இல்லாததாக இருக்க வேண்டும். பேச்சுவார்த்தைக்கு உரிய சங்கமாக நிர்வாகம் அதை அங்கீகரித்திருக்க வேண்டும். நீங்கள் அதன் விதிப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட, அல்லது நியமிக்கப்பட்ட பொறுப்பாளராக இருக்க வேண்டும். யுசியு (ஆசிரியர், ஆய்வாளர் முதலானோருக்கான சங்கம்; 2006-இல் இரண்டு சங்கங்கள் இணைந்து உருவானது), யூனிசன், யுனைட், ஜிஎம்பி, ஸ்காட்லாந்தில் ஈஐஎஸ் ஆகியவை பல்கலைக்கழகங்களில் வழக்கமாகக் காணப்படும் சங்கங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தச் சங்கம் எந்தப் பிரிவு ஊழியர்களுக்காக அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது என்பதை அங்கீகார ஒப்பந்தத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த ஒப்பந்தத்தின் நகல் கிளைச் செயலாளரிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஹெச்ஆர் துறையிடம் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. 168-ஆம் பிரிவு பேசுவது 'பணியாளர்' என்ற சட்ட நிலையில் உள்ளவர்களைப் பற்றி. மணிக்கணக்கில் பாடம் எடுக்கும் பகுதிநேர ஆசிரியர்களில் சிலரது ஒப்பந்தம் அவர்களைப் பணியாளர் என்றே சொல்வதில்லை. அப்படிப்பட்டவர் கிளைப் பொறுப்புக்கு வந்தால், அவருக்கான நேரத்தையும் ஊதியத்தையும் ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்குவது அவசியம்.

சங்கக் கடமை வேறு, சங்கச் செயல்பாடு வேறு என்று சட்டம் பிரிக்கிறது. சம்பளம், பணி நிபந்தனை, வேலை நேரம், பணிநீக்கம், ஒழுங்கு நடவடிக்கை போன்றவை பற்றி நிர்வாகத்தோடு பேசுவதும், அதோடு தொடர்புடைய வேலைகளும் கடமை. பேச்சுவார்த்தைக்குத் தயாராவதும், முடிவை உறுப்பினர்களுக்கு விளக்குவதும் இதில் அடங்கும் என்று, வேலையிடத் தகராறுகளில் ஆலோசனையும் சமரசமும் தரும் பொது அமைப்பான ஏகாஸின் நடைமுறை நெறி தெளிவாகச் சொல்கிறது. இவற்றுக்குச் சம்பளம் உண்டு. பொறுப்புக்குத் தேவையான, சங்கம் ஏற்ற பயிற்சிக்கும் உண்டு. கிளைக் கூட்டத்துக்குப் போவது, சங்க மாநாட்டில் கலந்துகொள்வது, சங்கத் தேர்தலில் வாக்களிப்பது எல்லாம் 170-ஆம் பிரிவில் வரும் செயல்பாடுகள். அவற்றுக்கு நேரம் தர வேண்டும், சம்பளம் தரக் கட்டாயமில்லை. வேலைநிறுத்தம் இரண்டிலும் சேராது.

எத்தனை மணி நேரம் என்று சட்டத்தில் எண் எதுவும் கிடையாது. 'நியாயமான அளவு' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. பல்கலைக்கழகங்களில் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான்.

தொழிற்சாலையில் ஒருவர் இரண்டு மணி நேரம் இயந்திரத்தை விட்டு நகர்ந்தால் அந்த இரண்டு மணி நேர வேலை அவர் தலையில் இல்லை. விரிவுரையாளருக்கு அப்படி இல்லை. நிர்வாகம் 'வாரத்தில் ஒரு நாள் சங்கப் பணிக்கு எடுத்துக்கொள்ளலாம்' என்று மனமாரச் சொல்லிவிடும். ஆனால் அந்தப் பருவத்தில் அவருக்கு ஒதுக்கிய நான்கு டுடோரியல் குழுக்களும் அப்படியே இருக்கும், இருநூறு விடைத்தாள்களும் அப்படியே இருக்கும். புதன்கிழமை சங்க மீட்டிங்கில் உட்கார்ந்தவர் ஞாயிறு இரவு விடைத்தாள் திருத்துவார். காகிதத்தில் நேரம் கிடைத்தது, வாழ்க்கையில் கிடைக்கவில்லை. இதை உரிமை நிறைவேறியதாகக் கொள்ளவே முடியாது என்பது என் உறுதியான கருத்து. ஏகாஸ் நெறியும் இதற்குத் துணை நிற்கிறது. தேவைப்படும் இடத்தில் வேலையை மற்றவருக்கு மாற்றுவது, வேறு நேரத்துக்கு ஒத்திவைப்பது, வேலைப்பளுவைக் குறைப்பது ஆகிய ஏற்பாடுகளை நிர்வாகம் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. நெறியை மீறுவது தானாகவே குற்றமாகாது. ஆனால் வழக்கு வந்தால் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

எனவே நேரத்தை வேலைப்பளு அட்டவணைக்குள் கொண்டுவர வேண்டும். ஒருவருக்கு ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஒதுக்கீடு, அவருக்கு 20 சதவீதம் விடுவிப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 320 மணி நேர வேலை அவர் பட்டியலிலிருந்து பெயர் சொல்லி எடுக்கப்பட வேண்டும்: எந்தப் பாடம், எந்தத் தேர்வுத்தாள், எந்த நிர்வாகப் பொறுப்பு, அதை இனி யார் பார்ப்பார் என்று. மாற்று ஆளுக்கான பணம் மைய நிதியிலிருந்து துறைக்கு வருகிறதா என்பதையும் விடாமல் கேளுங்கள். வராவிட்டால் அந்த விடைத்தாள்கள் பக்கத்து அறை ஆசிரியரின் மேசைக்குப் போகும். வாக்களித்துப் பொறுப்பில் அமர்த்தியவரே அதன் சுமையையும் தூக்குவார். நாளடைவில் நிர்வாகி மீது துறைக்குள் மனக்கசப்பு வளரும். நல்ல நிர்வாகிகள் பொறுப்பை விட்டு விலக இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

திட்ட நிதியில் சம்பளம் வாங்கும் ஆய்வாளர் நிலை இன்னும் கடினம். சங்கப் பணிக்குப் போன நாட்களுக்காகத் திட்டத்தின் முடிவுத் தேதி தானாகத் தள்ளிப்போகாது. பொறுப்பேற்கும்போதே, அந்த நாட்களுக்கு ஈடாக ஒப்பந்தத்தைப் பல்கலைக்கழகம் தன் நிதியில் நீட்டிக்குமா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். ஷிஃப்டில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: உங்கள் வேலை நேரத்துக்கு வெளியே நடக்கும் கூட்டத்துக்குச் சம்பளம் தரச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. கூட்டம் எந்த நேரத்தில் நடக்கிறது என்பதே உங்களுக்குப் பேரம் பேச வேண்டிய விஷயம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 2017-இல் வந்த விதிகளின்படி, 49-க்கு மேல் முழுநேரப் பணியிடங்கள் கொண்ட பொதுத்துறை அமைப்புகள் ஆண்டுதோறும் சங்கப் பணி நேரக் கணக்கை வெளியிட வேண்டியிருந்தது. எத்தனை நிர்வாகிகள், அவர்கள் வேலை நேரத்தில் எத்தனை சதவீதம் இதற்குப் போனது, செலவு எவ்வளவு என்ற விவரம் அதில் இருக்கும். சங்கங்களுக்குக் கடிவாளம் போடுவதற்காக வந்த விதி இது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட அந்தக் கணக்குகள் இன்று கிளைகளுக்கே ஆதாரமாகின்றன. உங்கள் அளவுள்ள இன்னொரு பல்கலைக்கழகம் கூடுதல் நேரம் தந்திருந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பேச்சுவார்த்தை மேசையில் வையுங்கள்.

ஆட்குறைப்புக் காலத்தில்தான் இந்த நேரம் அதிகம் தேவைப்படும். ஓர் இடத்தில் 90 நாட்களுக்குள் 20 பேர் அல்லது அதற்கு மேல் நீக்கப்படுவார்கள் என்றால், முதல் நீக்கத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பும், 100 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 45 நாட்களுக்கு முன்பும் அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தோடு கலந்தாலோசனை தொடங்கியாக வேண்டும். காரணம், எண்ணிக்கை, தேர்வு முறை, இழப்பீட்டுக் கணக்கு எல்லாம் எழுத்தில் வர வேண்டும். அவற்றைப் பெற்று, படித்து, பதில் தயாரிக்கும் நேரமும் 168-ஆம் பிரிவுக்குள் வருகிறது. வழக்கமான விடுவிப்பு நேரம் அப்போது போதாது. கூடுதல் நேரம் வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கேளுங்கள்.

குறித்த கால ஒப்பந்தக்காரர்கள் இந்த எண்ணிக்கையில் சேர்வார்களா என்பதற்காக ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்துக்கும் யுசியுவுக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015-இல் தீர்ப்பு சங்கத்துக்குச் சாதகமாக வந்தது. ஆனால் அதற்குள், 2013 ஏப்ரலில், சட்டமே திருத்தப்பட்டுவிட்டது. இப்போது ஒப்பந்தக் காலம் இயல்பாக முடிகிறவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். காலம் முடியும் முன்பே ஆட்குறைப்பில் நீக்கப்படுகிறவர்கள் வருவார்கள். ஆய்வாளர்களில் இத்தனை பேர் குறித்த கால ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு துறையில் இது பெரிய இழப்பு. அவர்களுக்காகத் தனித்தனியாக வாதாட வேண்டிய வேலை கிளை நிர்வாகியின் மேல்தான் விழுகிறது.

விசாரணையில் உடன் செல்வது 1999-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உறவுகள் சட்டத்தில் வருகிறது. ஒழுங்கு நடவடிக்கை விசாரணையிலோ குறை கேட்பு விசாரணையிலோ ஊழியர் தன்னோடு சங்க நிர்வாகியையோ சக ஊழியரையோ அழைத்துச் செல்லலாம். உடன் செல்லும் நிர்வாகி அவர் தரப்பை எடுத்துச் சொல்லலாம், முடிவில் தொகுத்துப் பேசலாம், நடுவில் தனியே கலந்து பேசலாம். ஊழியரிடம் கேட்ட கேள்விக்கு அவருக்குப் பதிலாகப் பதில் சொல்லும் உரிமை மட்டும் இல்லை. அந்த நாள் நிர்வாகிக்கு ஒத்துவராவிட்டால், ஐந்து வேலை நாட்களுக்குள் வரும் நியாயமான வேறு நேரத்தைச் சொல்லலாம். விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. வகுப்பு இருக்கும் நேரத்தில் விசாரணை வைக்கப்பட்டால் இதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். சங்கத்தின் சார்பில் செல்லும் கிளை நிர்வாகிக்கு, இந்தப் பணியில் அனுபவமோ பயிற்சியோ உண்டு என்று சங்கம் எழுத்தில் சான்று தந்திருக்க வேண்டும்.

வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கச் சங்கம் நியமிக்கும் பாதுகாப்புப் பிரதிநிதிகளுக்கு 1977 விதிகள் தனி உரிமை தருகின்றன. முந்தைய மூன்று மாதத்தில் சோதிக்காத பகுதியை, நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுச் சோதிக்கலாம். ஆய்வகப் புகைபோக்கியிலிருந்து விடுதிப் படிக்கட்டு வரை பார்க்கலாம். இரண்டு பிரதிநிதிகள் எழுதிக் கேட்டால் மூன்று மாதத்துக்குள் பாதுகாப்புக் குழு அமைத்தாக வேண்டும்.

சங்கப் பணி செய்ததற்காகப் பதவி உயர்வை மறுப்பதும், வேண்டுமென்றே கடினமான பாடங்களை ஒதுக்குவதும் 1992 சட்டத்தின் 146-ஆம் பிரிவின் கீழ்க் கேள்விக்கு உரியவை. அதற்காக வேலையை விட்டே நீக்கினால் 152-ஆம் பிரிவின்படி அது தானாகவே நியாயமற்ற நீக்கம். இத்தனை ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. அப்படி நடந்தால் தீர்ப்பாயத்திடம் இடைக்கால நிவாரணம், அதாவது வழக்கு முடியும் வரை வேலையோ சம்பளமோ தொடர வேண்டும் என்ற உத்தரவு, கேட்கலாம். ஆனால் வேலை முடிந்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் மனு போய்ச் சேர வேண்டும், சங்கத்தின் அதிகாரம் பெற்ற பொறுப்பாளர் கையெழுத்திட்ட சான்றும் அதே கெடுவுக்குள் போக வேண்டும். அந்தச் சான்றில் யார் கையெழுத்திடுவார் என்பதைக் கிளை முன்கூட்டியே வட்டார அலுவலகத்திடம் கேட்டு வைத்திருப்பது நல்லது.

நேரம் மறுக்கப்பட்டால் முதலில் பல்கலைக்கழகத்தின் குறை தீர்ப்பு முறையில் எழுதுங்கள். அது முடியட்டும் என்று காத்திருந்து தீர்ப்பாயக் கெடுவைத் தவறவிடாதீர்கள். நேரத்தை மறுத்த நாளிலிருந்து மூன்று மாதம் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் கெடு; அதற்குள் ஏகாஸ் சமரசத்துக்கு விண்ணப்பிப்பதே பாதுகாப்பு. ஒவ்வொரு கோரிக்கையையும் இமெயிலில் அனுப்புங்கள்: என்ன பணி, எந்த நாள், எத்தனை மணி நேரம், எங்கே. பயிற்சி என்றால் சில வாரங்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உறுப்பினரின் பெயரோ அவர் பிரச்சினையோ அதில் இருக்கத் தேவையில்லை. துறைத் தலைவர் வராந்தாவில் 'சரி, பார்க்கலாம்' என்று சொன்னால், அன்றே அதைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதி அவருக்கே அனுப்பிவிடுங்கள்.