அண்டர்ஸ்டடி: இன்னொருவர் வேடத்தைப் பாடம் வைத்திருப்பவர்

1954 மே 13 அன்று நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயின் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் ‘தி பஜாமா கேம்’ என்ற இசை நாடகம் அரங்கேறியது. பஜாமா தைக்கும் ஆலையில் மணிக்கு ஏழரை சென்ட் கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் போராடும் கதை. பாப் ஃபாஸி முதன்முறையாக பிராட்வேக்கு நடனம் அமைத்தது இதில்தான். முதலாளியின் செயலாளர் கிளாடிஸாக நடித்த கரோல் ஹேனி, ‘ஸ்டீம் ஹீட்’ என்ற ஒரே பாட்டில் ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தார். கறுப்பு கோட்டும் வட்டத் தொப்பியுமாக இரண்டு ஆண்களோடு சேர்ந்து அவர் ஆடும் ஆட்டம் அது. தொப்பி கையிலும் தலையிலும் காற்றிலும் மாறி மாறிப் பறக்கும்.

அந்த மாதமே ஹேனியின் கணுக்காலில் அடிபட்டது. அவருக்குப் பதிலாக மேடையேறியவர், கோஷ்டி நடனத்தில் ஒருத்தியாக ஆடிக்கொண்டிருந்த 20 வயது ஷெர்லி மெக்லெய்ன். நாடகக் கம்பெனி அவரை ஹேனிக்கு ‘அண்டர்ஸ்டடி’ என்று குறித்து வைத்திருந்தது. இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஆங்கிலச் சொல்லை இரண்டாகப் பிரித்தால் ‘அண்டர்’, ‘ஸ்டடி’. நம் கண் முதலில் போவது ‘அண்டர்’ மேல்தான். கீழே இருப்பவர், உதவிக்கு இருப்பவர் என்று எண்ணி ‘துணை நடிகை’ என்று எழுதிவிடுகிறோம். ஆனால் சொல்லின் உயிர் ‘ஸ்டடி’யில் இருக்கிறது. அதன் லத்தீன் வேரான ‘ஸ்டூடியம்’ ஆர்வம், முனைப்பு என்று பொருள்படும். ஆங்கில நாடகக்காரர்களிடம் ‘ஸ்டடி’ என்றால் வசனத்தை மனப்பாடம் செய்வது. ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ நாடகத்தில் சிங்க வேடம் கிடைத்த ஸ்னக் என்ற தச்சன், வசனம் எழுதியாகிவிட்டால் இப்போதே கொடுத்துவிடு, எனக்கு மனப்பாடம் ஏற நாளாகும் என்று கெஞ்சுவான். அங்கே அவன் சொல்லும் சொல் ‘ஸ்டடி’தான். சட்டென்று வசனம் பிடித்துக்கொள்ளும் நடிகரை ஆங்கிலத்தில் இன்றும் ‘குயிக் ஸ்டடி’ என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பொருளோடு ‘அண்டர்’ சேர்ந்து, ஒருவர் நடிக்கும் வேடத்தை அவருக்குப் பின்னால் இன்னொருவரும் பாடம் பண்ணி வைத்திருப்பது ‘அண்டர்ஸ்டடி’ ஆயிற்று.

இப்போது அந்த இரவுக்கு வருவோம். கிளாடிஸ் வேடத்தில் ஒரு ஒத்திகைகூடத் தனக்குத் தரப்படவில்லை என்று மெக்லெய்ன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஹேனி அடிபட்டாலும் ஆடக்கூடியவர், ஒரு காட்சியையும் தவறவிடாதவர் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். காத்திருந்து பயனில்லை என்று நினைத்த மெக்லெய்ன், ‘கேன்-கேன்’ என்ற வேறொரு நாடகத்துக்கு அண்டர்ஸ்டடியாகப் போய்விடும் எண்ணத்தில் இருந்தாராம். ஆனாலும் மேடையோரத் திரை மறைவில் நின்று ஹேனியைப் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைப் பிடித்து வைத்திருந்தார். கண் பார்த்தால் கை செய்யும் என்பார்களே, அதுதான். ஆடும்போது தொப்பியை ஒருமுறை நழுவவிட்டதையும் அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் எடுத்துப் போட்டுக்கொண்டு ஆடி முடித்தார்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘துணை நடிகை’ ஒத்துவராது. நம் சினிமாவில் அது கூட்டத்தில் நிற்பவருக்கும் சிறு வேடக்காரருக்கும் வழங்கும் பெயர். ‘டூப்’ அதைவிடத் தவறு. டூப் போடுகிறவரின் முகம் தெரியக் கூடாது. அண்டர்ஸ்டடி முழு முகத்தோடு, தன் பெயரோடு மேடைக்கு வருகிறார். பிராட்வேயில் அன்றைக்கு நிகழ்ச்சி ஏட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, இன்று இந்த வேடத்தில் இன்னார் நடிக்கிறார் என்று அறிவிப்பது வழக்கம்.

‘மாற்று’ என்று தொடங்கினால் வேறு சிக்கல். மாற்றாள் என்றால் தமிழில் சக்களத்தி. மாற்றான் என்றால் பகைவன். ‘மாற்று நடிகை’ என்று பிரித்து எழுதினால் இந்த வாடை குறையும்தான். ஆனால் ஒருவர் விலகிய பின் நிரந்தரமாக அந்த இடத்துக்கு வருபவரும் மாற்று நடிகைதான். அண்டர்ஸ்டடிக்கு இடம் காலியாக வேண்டியதில்லை. மூலவர் அங்கேயே இருக்கிறார், நாளைக்குத் திரும்பி வருவார். அண்டர்ஸ்டடியைப் போட்டியாளராகப் பார்க்கும் பழக்கம் ஆங்கிலத்திலும் உண்டு. ‘ஆல் அபவுட் ஈவ்’ என்ற 1950ஆம் ஆண்டுப் படத்தில் ஈவ் மூத்த நடிகையிடம் உதவியாளராக நுழைந்து, அண்டர்ஸ்டடியாகி, மெல்ல மெல்ல அவர் இடத்தைப் பிடிக்கப் பார்ப்பாள். மெக்லெய்ன் கதை அப்படியல்ல. அவர் யாரையும் தள்ளவில்லை.

நமக்கு நல்ல கருவி ‘பாடம்’ என்ற சொல். அது வடமொழி வழி வந்ததென்றாலும் தமிழ்ப் பேச்சில் ஊறிய சொல். ‘திருவாசகம் அவருக்குப் பாடம்’ என்கிறோம். முழுதும் நெஞ்சில் இருக்கிறது, கேட்ட நேரத்தில் வரும் என்று பொருள். தோலைக் கெடாமல் பக்குவப்படுத்துவதும் பாடம் செய்வதுதான். ‘ஸ்டடி’ சொல்ல வந்தது ஏறத்தாழ இதையே. இதோடு ‘துணை’ சேர்த்தால் பள்ளிக்கூடத் துணைப்பாடப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்துவிடும். ‘பதில்’ சேர்க்கலாம். அரபு ‘பதல்’ வழியாக வந்த சொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் வேலைக்கு வராதவருக்குப் பதிலாள் போடுவது எல்லோருக்கும் தெரியும். ஆள் திரும்பி வந்ததும் பதிலாள் விலகிக்கொள்வார் என்பதும் தெரியும். நமக்கு வேண்டிய நிழல் அதுவே.

ஆகவே என் தேர்வு ‘பதில்பாடம்’. நபரைத் தனியாகக் குறிக்க வேண்டுமானால் ‘பதில்பாட நடிகர்’. நம் பழைய நாடக மேடையில் வேடத்தின் பெயரே ஆளுக்கும் பெயரானது: அவர் ராஜபார்ட், இவர் ஸ்திரீபார்ட், இன்னொருவர் கள்ளபார்ட். அந்த வழக்கப்படி ‘கரோல் ஹேனிக்கு ஷெர்லி மெக்லெய்ன் பதில்பாடம்’ என்று சொன்னால் காதுக்கு உறுத்தவில்லை. ‘பதில்வேடம்’ என்றும் யோசித்தேன். உடையை மாட்டிக்கொள்வது ஐந்து நிமிட வேலை, வசனமும் அடவும் உள்ளே இருக்க வேண்டும், அதனால் விட்டுவிட்டேன். பிராட்வேயில் இதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. அன்றாடம் மேடையேறாமல் அழைப்புக்காக மட்டும் இருக்கும் ‘ஸ்டாண்ட்பை’யைக் காத்திருப்பு நடிகர் எனலாம். கோஷ்டியில் பலருடைய இடங்களையும் அறிந்து வைத்து யார் வராவிட்டாலும் ஆடும் ‘ஸ்விங்’குக்கு, பல்பாட நடிகர் என்பது பொருந்தும்.

ஷெர்லிக்கு இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். விர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் 1934இல் பிறந்தவர் அவர். கணுக்கால் வலுவில்லை என்று குழந்தையிலேயே பாலே வகுப்பில் சேர்த்தார்கள். உயரமாக வளர்ந்துவிட்டதால் பாலே நாயகியாகும் வாய்ப்பு நழுவியது. தாயின் பிறந்த வீட்டுப் பெயரான மெக்லீனைச் சற்று மாற்றி மெக்லெய்ன் ஆனார். நடிகர் வாரன் பேட்டி அவருடைய தம்பி.

பதில்பாடமாக ஆடிக்கொண்டிருந்தவரைப் படத் தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் பார்த்துப் பாரமவுண்ட் பட நிறுவனத்துக்கு ஒப்பந்தம் செய்தார். 1955இல் ஹிட்ச்காக்கின் ‘தி டிரபிள் வித் ஹாரி’யில் முதல் படம். 1960இல் பில்லி வைல்டரின் ‘தி அபார்ட்மென்ட்’. மின்தூக்கி இயக்கும் பெண்ணாக அதில் அவர் சிரிக்கும் சிரிப்புக்குள் இருக்கும் வலியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. அதே ஆண்டில் ‘கேன்-கேன்’ படமானது; அண்டர்ஸ்டடியாகப் போக நினைத்த நாடகத்தின் திரை வடிவில் ஃபிராங்க் சினாட்ராவுடன் முன்னணி வேடத்தில் நடித்தார். நடிப்புக்காக ஐந்தாம் முறை பரிந்துரைக்கப்பட்டபோது, ‘டெர்ம்ஸ் ஆஃப் எண்டியர்மென்ட்’ படத்துக்காக 1984இல் ஆஸ்கர் கைக்கு வந்தது.

கரோல் ஹேனியின் இடம் பறிபோகவில்லை. கிளாடிஸ் வேடத்துக்காக 1955இல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது பெற்றவர் அவர்தான். 1957இல் நாடகம் படமானபோது ‘ஸ்டீம் ஹீட்’ ஆடியவரும் அவரே. பிறகு நடன அமைப்பாளராகி, 1964இல் 39 வயதில் காலமானார்.