அடுத்தவர் கார்டின் எண் உங்கள் கார்டுக்குப் பொருந்தாது

குளச்சல் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ற வாரம் தம் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டைத் துணியில் பொதிந்துகொண்டு நாகர்கோவிலில் உள்ள எங்கள் சர்வீஸ் கடைக்கு வந்தார். "அண்ணே, வீடியோவில சொன்ன நம்பரத்தான் வச்சேன்" என்றார். இரண்டு மாதத்தில் இதே வார்த்தையை நான்காவது முறையாகக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர் கார்டை ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கோருக்கு (கார்டின் முக்கிய சிப்) 150, மெமரிக்கு 1000 மெகாஹெர்ட்ஸ் என ஒரே மூச்சில் கூட்டி, விண்டோஸ் தொடங்கும்போதே அது செயல்படும்படியும் டிக் செய்திருக்கிறார். திரை கறுத்ததும் பதறிப்போய், இணையத்தில் கிடைத்த வேறொரு பயாஸை (கார்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) கார்டில் ஏற்றிவிட்டார்.

வீடியோவில் இருந்த கார்டும் இவருடைய கார்டும் பெயரில் மட்டுமே ஒன்று. 2019 ஏப்ரலில் வந்த ஜிடிஎக்ஸ் 1650 ஜிடிடிஆர்5 மெமரி கொண்டது. 2020இல் அதே பெயரில் ஜிடிடிஆர்6 மெமரியோடு வந்தது வேறு வகை. சரி, வகையும் ஒன்றாகவே இருக்கட்டும். அப்போதும் அந்த எண் உங்களுக்கு உரியதல்ல. ஒரே குலையில் காய்த்த மட்டிப் பழங்கள்கூட ஒன்றுபோலப் பழுப்பதில்லை. ஒரே நாளில் ஒரே ஆலையில் செய்த இரண்டு சிப்புகளில் ஒன்று 120 தாங்கும், மற்றது 45இலேயே தடுமாறும். வீடியோ போட்டவருடைய அறையில் ஏசி 22 டிகிரியில் ஓடுகிறது; மே மாதத்தில் முட்டம் கடற்கரை வீட்டு மாடியறை 33 டிகிரியைத் தொடும்போது, அவருக்கு 70 காட்டிய கார்டு உங்களுக்கு 80ஐத் தாண்டும். தயவுசெய்து எண்ணை இரவல் வாங்காதீர்கள்.

ஆறு பின் மின் இணைப்பு இல்லாத கார்டு தனக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுக்கிறது. அந்த ஸ்லாட்டின் வரம்பு 75 வாட். அதை மீற வைக்கும் பயாஸ்களை யார் தந்தாலும் ஏற்றாதீர்கள். வோல்டேஜையும் தொட வேண்டாம். அதை 10 சதவீதம் கூட்டினால், கிளாக் (வேகம்) மாறாமலே மின்செலவு ஏறத்தாழ 21 சதவீதம் கூடும். கேபினெட்டோடு சேர்த்துத் தந்த மலிவான எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்றால் ஓவர்கிளாக் எண்ணத்தையே ஒத்திவையுங்கள்.

கடலோரத்துக்காரர்கள் முதலில் கார்டைச் சுத்தம் செய்ய வேண்டும். உப்புக்காற்றில் தூசி ஈரமாக ஒட்டி, வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்குகளை அடைத்துவிடுகிறது. நான் திறக்கும் கார்டுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன. புளோயர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு எதையும் மாற்றாமல் அரைமணி நேரம் ஹெவன் என்ற சோதனை மென்பொருளை ஓட்டி வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போதே 80ஐத் தாண்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தாண்டாவிட்டால் கோரை மட்டும் 15, 15ஆகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். திரையில் புள்ளியோ கோடோ தெரிந்தால், டிரைவர் செயலிழந்தால், இரண்டு படி கீழே இறங்குங்கள். மெமரியைத் தனியாக 50, 50ஆகக் கூட்டுங்கள். அது தன் பிழைகளைத் தானே திருத்திக்கொண்டு ஓடக்கூடியது என்பதால், எண் ஏறும்போது நொடிக்கு வரும் பிரேம் குறைந்தால் அதுவே எல்லை. ஒரு வாரம் வழக்கமான விளையாட்டுகளை ஓட்டிப் பார்க்கும் வரை அந்தத் தொடக்க டிக்கைப் போடாதீர்கள். அது இல்லையென்றால் ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இவ்வளவு பாடுபட்டும் 45 பிரேம் 48 ஆகலாம், 49 ஆகலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

டிக் போட்ட பின் திரை கறுத்தால் சேஃப் மோடில் நுழைந்து ஆஃப்டர்பர்னரை நீக்குங்கள், தம்பிகளே. பயாஸில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த மாணவர் இவ்வளவு செய்திருந்தால் பேருந்து ஏறி வந்திருக்கவே வேண்டாம். அவருடைய கார்டின் மூல பயாஸைத் தேடியெடுத்து, சிப்பில் கிளிப் மாட்டிப் புரோகிராமரால் எழுத எனக்கு ஒரு மாலை முழுவதும் பிடித்தது. கார்டு பிழைத்துவிட்டது, இப்போது கோரில் 60 மட்டும் கூட்டி, 74 டிகிரியில் ஓடுகிறது.