பென்குயின்களின் இரையை ஏன் கவனிக்க வேண்டும்?

கடற்பறவைகளின் உணவை ஆராயும் பணியில், மீனின் செவிக்கற்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்து இனம் பிரிப்பதிலேயே என் நேரத்தின் பெரும்பகுதி கழிகிறது. சதை கரைந்த பிறகும் பறவையின் வயிற்றில் எஞ்சியிருக்கும் அந்த வெண்துணுக்கின் வடிவம் மீனின் இனத்தையும், அதன் நீளம் மீனின் அளவையும் காட்டிக்கொடுத்துவிடும். எச்சத்தின் நிறமும் ஓரளவு சொல்லும்: கிரில் எனும் சிறு இறால் போன்ற உயிரியைத் தின்றிருந்தால் இளஞ்சிவப்பு, மீனைத் தின்றிருந்தால் வெண்மை.

பென்குயின்கள் இரையை ருசி பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. இனிப்பு, கசப்பு, இறைச்சியின் சாரம் ஆகியவற்றை உணரும் மரபணுக்கள் அவற்றிடம் செயலிழந்துவிட்டன. பின்னோக்கிச் சாய்ந்த முட்கள் நிறைந்த நாக்கால் இரையைப் பற்றி முழுதாக விழுங்கிவிடுகின்றன. குஞ்சு பசியோடு காத்திருக்க, தாயோ தந்தையோ போய்த் திரும்பக்கூடிய தொலைவுக்குள் என்ன கிடைக்கிறது என்பதே அங்கே தேர்வு.

அண்டார்டிக் தீபகற்பத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். கிரிலையே பெரிதும் நம்பியிருக்கும் சின்ஸ்ட்ராப் பென்குயின்கள் அங்கே பல இடங்களில் குறைந்துவருகின்றன. கிரிலோடு மீனையும் பிடித்துக்கொள்ளும் ஜென்டூ பென்குயின்களோ பெருகித் தெற்கு நோக்கிப் பரவுகின்றன. உணவு ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இளம் கிரில்கள் குளிர்காலத்தில் கடற்பனியின் அடியில் வளரும் பாசியை மேய்ந்தே பிழைப்பதால், பனி குறையும்போது ஒரே இரையை நம்பிய இனத்துக்கு மாற்று வழி அரிதாகிறது.

என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது ஆப்பிரிக்கப் பென்குயின். மத்தியும் நெத்திலியும் அதன் முதன்மையான இரை. ஆண்டுக்கு ஒருமுறை இறகு உதிர்க்கும் ஏறத்தாழ மூன்று வாரங்களும் நீர்புகாத இறகு இல்லாததால் அது கடலில் இறங்க முடியாது. முன்கூட்டியே சேர்த்த கொழுப்பை எரித்தே உயிர் தாங்க வேண்டும். கொழுப்புச் சேராமல் கரையேறும் பறவை நின்ற இடத்திலேயே பட்டினியால் மெலிந்து இறந்துபோகலாம். நமீபியக் கடலில் அளவுக்கு மீறிப் பிடித்ததால் மத்தி அருகியபோது அதன் இடத்தை நிரப்பிய உளுவை மீனில் கொழுப்புக் குறைவு. வயிறு நிறைந்தாலும் உடல் தேறாத நிலை அது.

2024-இல் இந்த இனம் அழிவின் விளிம்பில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் தென்னாப்பிரிக்க நீதிமன்ற உத்தரவின்படி, ஆறு வாழிடங்களைச் சுற்றி மத்தி, நெத்திலி பிடிக்கும் வணிகப் படகுகளுக்குப் பத்தாண்டுத் தடை வந்துள்ளது. கூடுகளை எண்ணுவதோடு நில்லாமல், குஞ்சுகளுக்கு ஊட்டப்படும் இரையில் மத்தியின் பங்கையும் ஒவ்வொரு பருவத்திலும் அளந்தால்தான், இத்தடை கடலுக்குள் என்ன மாற்றம் செய்தது என்பது நமக்குத் தெரியும்.