வீட்டுப் பெரியவரை எடை பார்த்து எவ்வளவு நாளாச்சு?

குழந்தை பிறந்தால் எடை அட்டை ஒன்று கூடவே வந்துவிடுகிறது. மாதாமாதம் நிறுத்துப் பார்க்கிறோம், கோடு கீழே இறங்கினால் பதறுகிறோம். வளரும் நாடுகளின் ஊட்டச்சத்துத் திட்டங்கள் பெரும்பாலும் தாய்சேய் நலத்தை மையமாகக் கொண்டவை. அது தேவையானதும்கூட. ஆனால் 72 வயதுக்காரரின் எடை இறங்கினால் குறித்துவைக்க ஆளில்லை. "வயசாயிடுச்சு, இளைக்கத்தான் செய்வாங்க" என்று வீட்டில் சொல்கிறார்கள். சில நேரம் மருத்துவமனையிலேயே சொல்கிறார்கள். 2050-ல் உலகத்தில் 60 வயதைத் தாண்டியவர்களில் 80 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான் இருப்பார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த மெத்தனம் இனியும் தொடரக் கூடாது.

முதியோருக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. வயது ஏற ஏறப் பசி மந்தப்படும், ருசியும் மணமும் மங்கும், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் எந்த முயற்சியும் எடுக்காமல் ஆறு மாதத்துக்குள் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், வயதின் மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். 60 கிலோ இருந்தவருக்கு அது வெறும் 3 கிலோ. தினமும் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. மோதிரம் கழன்று விழும், நன்றாகப் பொருந்தியிருந்த பல்செட் ஆட ஆரம்பிக்கும், உடுப்பு தொளதொளவென்று ஆகும். முதலில் தெரிவது இவைதான். காலில் நீர் கோத்திருந்தால் எடைக்கருவியும் ஏமாற்றிவிடும்.

"நல்லா சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் "சாப்பிடறேன்" என்றுதான் சொல்வார்கள். அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். அப்போதுதான் உண்மை வரும். காலையில் வெறும் தேநீர், மதியம் குழைய வேகவைத்த தானியம், இரவில் அதிலேயே மிச்சம். வயிறு நிறைந்திருக்கும், ஆனால் புரதம் மிகக் குறைவாக இருக்கும். ஆரோக்கியமான முதியவருக்கே கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடை என்றால் நாளைக்கு 50 முதல் 60 கிராம். பால், முட்டை, பருப்பு, மீன் எல்லாம் காசு கேட்கிற பொருட்கள். வாங்கினாலும் பிள்ளைகளுக்கும் சம்பாதிப்பவருக்கும் போகத்தான் மிச்சம். ஓய்வூதியம் இல்லாத, துணையை இழந்த பெண்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூச்சப்படுவார்கள். பல் போனவர்கள் மெல்ல முடியாததை ஒவ்வொன்றாக ஒதுக்கி, கடைசியில் கரைத்துக் குடிப்பதில் வந்து நிற்பார்கள்.

எனக்கு மிகவும் ஆதங்கம் தருவது பத்தியம். சர்க்கரைக்கு ஒரு மருத்துவர் இனிப்பையும் மாவுச்சத்தையும் குறைக்கச் சொல்கிறார். இரத்த அழுத்தத்துக்கு இன்னொருவர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். கொழுப்பு என்று முட்டையும், வாயு என்று பருப்பும் நிற்கின்றன. இந்தக் கடைசி இரண்டையும் பெரும்பாலும் மருத்துவர் சொல்வதில்லை, அக்கம்பக்கத்தார் சொன்னதாகத்தான் இருக்கும். ஒவ்வொரு தடையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தட்டில் எதுவும் இருக்காது. ஏற்கெனவே இளைத்துக்கொண்டிருக்கும் 78 வயதுக்காரருக்குக் கடும் பத்தியத்தால் வரும் நன்மையைவிடக் கேடுதான் அதிகம். எந்தத் தடையைத் தளர்த்தலாம் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் அவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

மாத்திரைப் பையையும் கொட்டிப் பாருங்கள். சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம். இதயத்துக்குத் தரும் டிகாக்ஸின் அளவு மீறினால் பசியே போய்விடும். மனச்சோர்வும் ஞாபக மறதியும் சாப்பாட்டைக் கெடுக்கும். தனியாக இருப்பவருக்கு அடுப்பு மூட்டவே மனம் வராது. இன்னொன்று, படுக்கை. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வில் கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ கொழுப்பில்லாத் திசு, அதாவது பெரும்பாலும் தசை, போயிருந்தது. நோயோடு படுப்பவருக்கு இழப்பு இன்னும் கூடும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? மாதம் ஒரு முறை, ஒரே கருவியில் எடை பார்த்து எழுதி வையுங்கள். கருவி இல்லையென்றால் தையல் டேப் போதும். கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளந்து 31 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் கவனிக்க வேண்டும். மருத்துவப் பணியாளர்களுக்கு 'மினி நியூட்ரிஷனல் அசெஸ்மென்ட்' என்ற கேள்விப்பட்டியலின் சுருக்க வடிவம் இருக்கிறது. ஆறே கேள்விகள், மொத்தம் 14 மதிப்பெண். 11 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆபத்து, 7 அல்லது அதற்குக் கீழே என்றால் ஊட்டச்சத்துக் குறைபாடு என்று கொள்ளலாம். இரத்த அழுத்தம் பார்க்கும்போது இதையும் கேட்டுவிட்டால் சில நிமிடங்கள்தான் கூடுதலாகும்.

கொடுப்பதைச் சிறிய அளவாக ஐந்தாறு வேளையாகக் கொடுங்கள். கஞ்சியோ கூழோ எதுவானாலும் பாலோ முட்டையோ மசித்த பருப்போ எண்ணெயோ சேருங்கள். ஆனால் பல நாளாகச் சாப்பாடு இறங்காமல் கிடந்தவருக்கு, தேறட்டும் என்று ஒரே நாளில் நிறையக் கொடுத்துவிடாதீர்கள். இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கலாம். அப்படிப்பட்டவரை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் மேற்பார்வையில் படிப்படியாகக் கூட்டலாம்.