கோட்டை மலையடியில் வைஃபை எவ்வளவு உயரம்?

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் நின்று போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பெயர்கள் வரிசையாக வந்து விழும். நகைக்கடை, லாட்ஜ், மொபைல் கடை, யாரோ ஒருவரின் மாடி வீடு. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு ரேடியோ அலை அந்தத் தெருவில் பரவியிருக்கிறது. ஓரிடத்தில் அது பலமாக இருக்கும், இன்னோரிடத்தில் மெலியும், ஒரு சுவருக்குப் பின்னால் காணாமலே போகும். தெருவுக்கு மேடு பள்ளம் இருப்பது போலவே இதற்கும் உண்டு. கண்ணுக்குத் தெரியாததால் இதை ஊரின் ஒரு பகுதியாக நாம் நினைப்பதில்லை. நினைக்க வைத்தவர்களில் கலைஞர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

2011-இல் நார்வேயின் ஆஸ்லோ நகரில் டிமோ ஆர்னல், யோர்ன் க்னுட்சென், ஐனார் ஸ்னேவே மார்ட்டினுசென் ஆகிய மூவர் 4 மீட்டர் உயரக் கம்பு ஒன்றைச் செய்தார்கள். அதில் 80 விளக்குகள். கம்பில் உள்ள கருவி ஒரு குறிப்பிட்ட வைஃபையின் பலத்தை அளந்துகொண்டே இருக்கும். சிக்னல் கூடினால் மேல் விளக்குகள் வரை எரியும், குறைந்தால் கீழே சில மட்டும். இருட்டிய பிறகு ஒருவர் இந்தக் கம்போடு தெருவில் நடக்க, கேமராவின் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்துப் படமெடுத்தார்கள். விளக்குகள் எரிந்த தடம் தெரு நெடுக ஓர் ஒளிச்சுவராகப் பதிந்தது. கட்டடத்தை ஒட்டி ஓங்கி நிற்கிறது, கொஞ்சம் தள்ளிப் போனால் முழங்கால் உயரத்துக்கு இறங்குகிறது.

சுவர் ஏன் ஏறி இறங்குகிறது? முதல் காரணம் தொலைவு. திறந்த வெளியில் தொலைவு இரண்டு மடங்கானால் கிடைக்கும் சக்தி நாலில் ஒன்றாகிவிடும். சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள். ரௌட்டர் பக்கத்தில் மைனஸ் 40 இருந்தால் தெருக்கோடியில் மைனஸ் 80 இருக்கலாம். பாதியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் இந்த அளவில் ஒவ்வொரு 10 குறையும்போதும் சக்தி பத்தில் ஒன்றாகிறது. ஆக, 40 குறைந்தால் 10,000-இல் ஒரு பங்கு. மைனஸ் 80 என்பது ஒரு வாட்டில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சொற்பமான சக்தியை வைத்துக்கொண்டுதான் போன் பாட்டுப் பாடுகிறது.

அடுத்த காரணம் எனக்கு இன்னும் பிடித்தமானது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. ரௌட்டரிலிருந்து ஓர் அலை நேராக வருகிறது. இன்னொன்று எதிர்க்கடை ஷட்டரில் பட்டுத் திரும்பி வருகிறது. இரண்டும் வந்து சேரும்போது ஒன்றுக்கொன்று அரை அலைநீளம், அதாவது ஆறு செ.மீ. சொச்சம் பிசகியிருந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். முழு அலைநீளம் பிசகியிருந்தால் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வலுக்கும். போனை ஒரு சாண் நகர்த்தினால் சில நேரம் சிக்னல் வந்துவிடுகிறதே, அது பிரமையில்லை.

அப்புறம் தடைகள். இரும்பு அலையைத் திருப்பி அனுப்பும். தண்ணீர் அதை உறிஞ்சும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் கூட்டம் கூடினாலே சிக்னல் குறையும். கிருஷ்ணகிரியில் இவற்றோடு ஒரு கருங்கல் மலையும் இருக்கிறது. கோட்டை இருக்கும் அந்தப் பாறையை ஊடுருவி வைஃபை வராது. விளிம்பில் வளைந்து கொஞ்சம் வரலாம். அலைநீளம் கூடக்கூட இந்த விளிம்பு விளைவும் கூடும். அதனால்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைவிட 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலை மலை மறைவுகளில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது.

சரி, இந்த அலைகளை வைத்து நாம் நிற்கும் இடம் எப்படித் தெரிகிறது? ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சிக்னல் கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியிலிருந்து தூரம் கிடைக்கிறது. மைக்ரோ நொடி ஒன்று பிசகினால் 300 மீட்டர் தப்பும். செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது, போனில் இல்லை. அந்தப் பிழையையும் சேர்த்துக் கணக்கிடத்தான் நான்காவது செயற்கைக்கோள் தேவைப்படுகிறது.

கட்டடத்துக்குள்ளே இந்த சிக்னல் நலிந்துவிடும். அங்கே வைஃபை கைகொடுக்கிறது. ஒவ்வொரு ரௌட்டரும் நொடிக்கு ஏறத்தாழ 10 முறை தன் பெயரையும் தனக்கே உரிய 48 பிட் எண்ணையும் அறிவிக்கிறது. கடவுச்சொல் இல்லாமலே எந்தப் போனும் அதைக் கேட்கலாம். எந்த எண் எந்த இடத்தில் கிடைத்தது என்ற பெரிய பட்டியல் வரைபட நிறுவனங்களிடம் இருக்கிறது. தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு வீடு மாற்றி ரௌட்டரையும் எடுத்துப் போனால், பட்டியல் திருத்தப்படும் வரை ஓசூர் வீட்டில் இருக்கும் போன் தர்மபுரி என்று காட்டக்கூடும். இதுவும் கிடைக்காதபோது டவர்தான் கதி. ஜூஜூவாடி பக்கமும் ஒகேனக்கல்லிலும் போன் கர்நாடகா டவரை எடுத்துக்கொள்வது இங்கே எல்லோருக்கும் தெரியும். மாநில எல்லை அலைக்குத் தெரியாது.

திரையில் தெரியும் புள்ளி இப்படிக் கணக்குப் போட்டு வந்த ஓர் ஊகம்தான். ஜெர்மன் கலைஞர் ஆரம் பார்த்தோல், கூகுள் மேப்ஸ் ஊரின் மையம் என்று காட்டிய அதே இடத்தில் அந்தச் சிவப்புக் குறியைப் பிரம்மாண்டமாகச் செய்து நட்டு வைத்தார். தைவானின் தைபே, பிரான்ஸின் ஆர்ல் போன்ற நகரங்களில் அது நின்றது. ஓர் இடத்தைச் சொல்லக் கல் நடுவது நடுகற்கள் நிறைந்த நம் மாவட்டங்களுக்குப் புதிதில்லை. ஆனால் நடுகல் எதற்காக நிற்கிறது என்பதைக் கல்லே சொல்லும். தர்மபுரி என்று தேடினால் குறி ஏன் அந்த இடத்தில் விழுகிறது என்பதைத் திரை சொல்வதில்லை.

2020-இல் வெளியான ஒரு வீடியோவில் ஜெர்மன் கலைஞர் சைமன் வெக்கெர்ட் பெர்லினில் 99 பழைய போன்களை ஒரு சிவப்புக் கைவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார். எல்லாவற்றிலும் கூகுள் மேப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. காலியாக இருந்த தெரு வரைபடத்தில் சிவப்பானது. இத்தனை போன்கள் நடை வேகத்தில் ஊர்ந்தால் நெரிசல் என்பதுதான் அந்தக் கணக்கு. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் வரைபடம் சிவப்பதும் இதே வழியில்தான். பின்னால் தேங்கி நிற்கும் வண்டிகளில் உள்ள போன்கள்தான் அந்தச் சிவப்பைத் தீட்டுகின்றன.

இவற்றில் ஆஸ்லோ கம்புதான் எனக்கு உயர்வாகத் தெரிகிறது. அது கலையாகவும் இருக்கிறது, அளவுகோலாகவும் இருக்கிறது. பர்கூர், செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி மாணவர்கள் மனது வைத்தால் கிருஷ்ணகிரியிலேயே செய்யலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈ.எஸ்.பி.32 என்ற வைஃபை வசதியுள்ள சின்ன மின்னணு போர்டு, எல்.இ.டி. பட்டை, பவர் பேங்க், பி.வி.சி. குழாய் போதும். ஊரார் ரௌட்டரை நாட வேண்டாம், சொந்த ரௌட்டர் ஒன்றை மலையடித் தெரு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். போர்டை எல்லா சேனலையும் (வைஃபை அலைவரிசைகளையும்) தேட விட்டால் ஓர் அளவு எடுக்கவே ஓரிரு நொடி ஆகும், அதற்குள் இரண்டு மூன்று காலடி நடந்திருப்பீர்கள். ரௌட்டரின் சேனலில் மட்டும் நிறுத்தி வைத்தால் நொடிக்குப் பல அளவுகள் கிடைக்கும். கருப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கேமராவை முக்காலியில் 30 நொடி திறந்து வையுங்கள். ரௌட்டர் வீட்டு வாசலில் தொடங்கி, பாறை குறுக்கே வரும் வளைவு வரை நடந்து பாருங்கள்.