கண்ணாடித் தொட்டிக்குள் சுறாவுக்கு ஏன் நோய் வருகிறது?

திருகோணமலை மீன் சந்தையில் சுறா வாங்க வருகிறவர்கள் கண்ணைவிட மூக்கைத்தான் நம்புவார்கள். வறைக்கு எடுக்கிற துண்டில் மூக்கைக் குத்துகிற வாடை லேசாக வந்தாலும் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்கள். அந்த வாடை அமோனியா. சுறாவும் திருக்கையும் யூரியாவைக் கழிவென்று வெளியே தள்ளாமல் உடலிலேயே தேக்கி வைக்கின்றன, இல்லாவிட்டால் கடலின் உப்பு அவற்றின் உடம்பு நீரை இழுத்துவிடும். நம் இரத்தத்தில் லீட்டருக்கு 5 மில்லிமோல் அளவில் இருக்கிற யூரியா சுறாவின் இரத்தத்தில் 350 வரை போகும். அது செத்த பிறகு பக்டீரியா அந்த யூரியாவை உடைக்க, வாடை கிளம்புகிறது.

யூரியாவை உடைக்கத் தெரிந்த பக்டீரியாக்களில் சில, சுறா உயிரோடு இருக்கும்போதே அதற்குள் குடியிருக்கின்றன. முக்கியமாக விப்ரியோ இனங்கள். நம் இரத்தத்தில் பக்டீரியா பெருகினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சுகமாக நீந்தித் திரிகிற சுறாவின் இரத்தத்தை எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தாலோ சில வேளை பக்டீரியா முளைக்கும், சுறாவுக்கு ஒன்றும் இருக்காது. இதனால்தான் மீன்காட்சியக மிருக வைத்தியரின் வேலை சிக்கலாகிறது. பக்டீரியா கிடைத்துவிட்டது என்பதற்காக அதுதான் நோய்க்குக் காரணம் என்று அவரால் சொல்லிவிட முடியாது.

1982ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் தேசிய மீன்காட்சியகத்தில் ஒரு சாண்ட்பார் சுறா இறந்தது. அதன் உடலிலிருந்து பிரித்தெடுத்த விப்ரியோவுக்கு 1984இல் விப்ரியோ கார்க்கரியே என்று புதுப் பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால் அது புதிய இனமே இல்லை, இறால் பண்ணைக்காரர்களுக்கு ஏற்கெனவே தலைவலியாக இருந்த விப்ரியோ ஹார்வேயிதான். இந்தக் கிருமி கட்டுமீறிப் பெருகினால் இரத்தக் குழாய்கள் வீங்கும், சிறுநீரகம் அழுகும், மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வரைக்கும் போகும்.

சரி, கூடவே வாழ்கிற பக்டீரியா ஏன் திடீரென்று கொல்லத் தொடங்குகிறது? என் பார்வையில் முதலில் பார்க்க வேண்டியது தொட்டியைத்தான். திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற புறாத்தீவில் முழங்கால் ஆழத் தண்ணீரில் திரிகிற கருமுனைச் சுறாக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அதே இனத்தைத்தான் உலகம் முழுக்க மீன்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். சிறிய தொட்டியில் இரண்டு தரம் வாலடிப்பதற்குள் சுவர் வந்துவிடும், மூக்கு உரசும், தோல் கிழியும், காயத்தின் வழியே கிருமி இறங்கும். திருக்கைக்கு வயிறுதான் பலவீனமான இடம். தரையோடு தரையாகக் கிடக்கிற விலங்குக்கு மென்மையான மணல் போடாமல் கூரான கல்லைப் போட்டால் வயிற்றில் சிவப்புத் திட்டுகள் தெரியத் தொடங்கும்.

காயம் மட்டும் போதாது, எதிர்ப்புச் சக்தியும் தளர வேண்டும். சுறாவுக்கு எலும்பே இல்லை, ஆகவே நமக்கு வெள்ளணுக்கள் உருவாகிற எலும்பு மச்சையும் இல்லை. வெள்ளணுக்களை அது உணவுக்குழாய்ச் சுவரில் இருக்கிற லேடிக் உறுப்பிலும், இனப்பெருக்க உறுப்பை ஒட்டிய எபிகோனல் உறுப்பிலும் உருவாக்குகிறது. பிடித்து, ஏற்றி, நாள்கணக்கில் கொண்டுவந்து நெரிசலில் விட்டால் அந்தப் பாதுகாப்பு குலைந்துபோகும், அதுவரை அடங்கிக் கிடந்த பக்டீரியா அப்போது தலைதூக்கும்.

முதல் அறிகுறி பெரும்பாலும் சாப்பாட்டை மறுப்பதுதான். அதனால் இரைக்குள் மருந்தை வைத்துக் கொடுக்கிற வழி அப்போதே அடைபட்டுவிடும், மிஞ்சுவது ஊசி. பக்டீரியாவைக் கொல்கிற செஃப்டாசிடைம் போன்ற மருந்து சுறா உடலில் நெடுநேரம் தங்குவதால் பொதுவாக 3 நாளைக்கு ஒரு முறை முதுகுத் தசையில் போடுகிறார்கள். பல இனங்களை மல்லாக்கப் பிடித்தால் அசையாமல் கிடக்கும், அது உதவிதான். ஆனால் ஊசி போட ஒவ்வொரு முறையும் வலை வீசித் துரத்தினால் எந்த அழுத்தம் நோயைக் கொண்டுவந்ததோ அதையே நாமும் கூட்டுகிறோம். அதனால் சில மீன்காட்சியகங்கள், விலங்கு நல்ல சுகத்தோடு இருக்கும்போதே, இரையைக் காட்டி அதுவாகத் தூக்குப் படுக்கைக்குள் நீந்தி வரப் பழக்கி வைக்கின்றன.